சாம்பல் நிற ஐஸ்

மே 12, திங்கள்

நேற்று மாதா கோவிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். முப்பத்திரண்டு பிள்ளைகள், நான்தான் போட்டோகிராபர். இன்று காலையிலேயே ஞானம் அக்கா வாசலில் வந்து நின்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் மகள் சாண்ட்ரா நற்கருணை வாங்கும் படம். சாமியாரின் வெள்ளை அங்கி தெரிகிறது, வெள்ளைக் கவுன் தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாய் ஒரு திட்டு.

“எம் பொண்ணுக்கு மூஞ்சே இல்லியா? இன்னாமா எடுத்துகீற நீ?”

“கேமராவ ஆட்டோ மோடுல வச்சிதான்க்கா எடுத்தேன்” என்றேன். கேமரா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், வேறென்ன. புதுநன்மை வாழ்க்கையில் ஒரு தடவைதான். எங்கே போய் மறுபடி எடுப்பது?

மே 13

போட்டோ லேப் சுப்புராஜிடம் போனேன். “பசங்க கலரு அப்டி, நீ இன்னா பண்ணுவ? வுடு, வெளுப்பாக்கித் தரேன்.”

பத்தே நிமிடம். சாண்ட்ராவுக்கு ரோஸ் கலரில் ஒரு முகம். மூக்கோரத்து மச்சத்தைக் காணோம். யார் வீட்டுப் பிள்ளை இது? வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏன் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாண ஆல்பத்திலும் இதே கூத்துதான். வெள்ளைப் புடவை இருக்கும், நான் இருக்க மாட்டேன். “உங்க கலருக்கு வெள்ளை எடுக்காதும்மா” என்றான் படம் எடுத்த ஆள். பதினோரு வருஷமாக வெள்ளை கட்டவில்லை. நம்பித் தொலைத்தேனே!

மே 14

கேமராவைத் தொடவில்லை.

மே 17, சனி

மன்னிப்புக் கேட்கக் காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் ஞானம் அக்கா கடைக்குப் போனேன். ஞானம் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் அடுக்க ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காமல் ஒரு படம் எடுத்துக் காட்டினேன்.

“இன்னா இது, என் ஐஸு கலீஜா கீது? இப்பதான் ஒடச்சிகினு வந்தேன்!”

ஆமாம். எதிரே வெள்ளை வெளேரென்று ஐஸ், படத்தில் சாம்பல். ஐஸுக்குமா கலர் கம்மி?

அங்கேயே உட்கார்ந்து கேமராவின் விளக்கப் புத்தகத்தைப் போனில் தேடிப் படித்தேன். ஆட்டோவில் வைத்தால் எதை எடுத்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்குமாம். வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதுவாகவே குறைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் முகமும் சேர்ந்து இருட்டாகும். அதைச் சரிசெய்ய, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிளஸ்-மைனஸ் பொத்தான். நாலு வருஷமாக என் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது!

பிளஸ் ஒன்று வைத்து எடுத்தேன். ஐஸ் வெள்ளையாக வந்தது. ஓரத்தில் விழுந்த ஞானம் அக்கா கை, அவர் கை மாதிரியே வந்தது.

சுப்புராஜ் மேல் கோபம். அந்தக் கல்யாணப் போட்டோகிராபர் மேல் கோபம். எல்லாரையும் விட என் மேல்தான். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் கலர்தான் குறை என்ற அதே பொய்யை என் படத்தால் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

நற்கருணைப் பவனி. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் அதே கவுனில் பூத் தூவிக்கொண்டு முன்னால் நடக்கும் நாள். இதற்காகத்தான் ஐந்து வாரம் காத்திருந்தேன். பிளஸ் ஒன்று. கவுன் லேஸ் கொஞ்சம் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. கரையட்டும்.

ஞானம் அக்கா கேமராவை வாங்கிச் சாண்ட்ராவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மச்சங்கூட கீது பாரு. இதான் எம் பொண்ணு.”

ஜூன் 24

பீரோவின் அடியிலிருந்து அந்த வெள்ளைக் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஹார்பர் டூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஃப்ரெடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா விசேஷம்?”

ஒன்றுமில்லை என்று கேமராவைக் கையில் கொடுத்து, பொத்தானைக் காட்டினேன்.

“பிளஸ்ல வை. அப்புறம் எடு.”