கெர்வின் ஆறு திறக்கும் நாள்

ஜனவரி 19

மேசை முழுக்கக் கவுதாரி இறகு. காலையில் ரொட்டியோடு ஒன்று வாய்க்குள் போய்விட்டது. வேட்டைக்குப் போனவர்களிடம் தம்பி இட்வால் கேட்டு வாங்கிவந்து போட்ட தோல்கள் இவை. இன்னும் வாடை போகவில்லை. மார்ச் மூன்று அன்று மீன்பிடிக்க ஆறு திறக்கிறது. அதற்குள் எங்கள் இருவருக்கும், இறகையும் மயிரையும் கொக்கியில் சுற்றி, தூண்டில் பூச்சி கட்டி முடிக்க வேண்டும். என் தம்பியின் விரல்கள் மாட்டு மடிக்கு ஆனவை, கொக்கிக்கு ஆகாதவை. அதனால் அவன் பங்கையும் நான்தான் கட்டுகிறேன், எத்தனையோ வருஷமாக.

"போன வருஷம் கட்டிக்கொடுத்ததெல்லாம் எங்கடா?" என்று கேட்டேன்.

"கரையோர மரத்துல இருக்குக்கா. இலை உதிர்ந்திருக்கும், போய்ப் பறிச்சுக்க."

"உன் பக்கத்து மீனெல்லாம் மரம் ஏறுதா?"

"உன் பூச்சியப் பாத்தா ஏறத்தானே செய்யும்?"

சிரித்தான். தேநீரை முழுசாகக் குடிக்காமலே எழுந்து போனான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஜனவரி 27

மழை. மழை. இன்றும் மழை.

பிப்ரவரி 3

ஆற்றங்கரைக் கிளை வெட்டும் வேலை. மீன்பிடிச் சங்கத்தில் பாதிப் பேர்தான் வந்தார்கள். தலைவர் எம்லின் — தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டாமல் இருக்க முடியாது அவரால் — ரம்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "உன் தம்பி எங்கம்மா? அவன் மாட்டின பூச்சியெல்லாம் நாமதான் எடுக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திரும்பும் வழியில் பந்த் கோச்சுக்குப் போனேன். இட்வாலின் பண்ணை. என் வீட்டுக்கு மேலே, பாலத்தைத் தாண்டி, அவன் நிலத்து ஓடை எங்கள் கெர்வின் ஆற்றில் வந்து விழுகிறது. அவன் மனைவி நெஸ்டா கதவைத் திறந்தாள். "தூங்குறாரு அண்ணி. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு சாணித் தொட்டியப் போய்ப் போய்ப் பாக்குறாரு" என்றாள்.

குளிர்காலம் முழுக்க மாடுகள் கொட்டிலில். சாணி முழுவதும் தொட்டியில். வயல் காய்ந்தால்தான் அதை உரமாக எடுத்து அடிக்க முடியும். வயல் எங்கே காய்ந்தது? மண்ணில் கால் வைத்தால் முழங்கால் வரை போகிறது.

பிப்ரவரி 9

ஆற்றில் இறங்கும் ரப்பர் கால்சட்டையைக் குளியல் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். இடது முட்டியில் குமிழி. ஒட்டுப் போட்டாயிற்று. ரீலுக்கு எண்ணெய். புது நூலைக் கதவிலிருந்து வேலி வரை இழுத்துக் கட்டி முறுக்கு எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை அதை ஒரு நடை பாதையாகவே எடுத்துக்கொண்டது.

முயல் காது மயிரில் கட்டின பழுப்புப் பூச்சி இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லிக்கொள்கிறேன்.

இட்வாலைத் தொலைபேசியில் பிடித்தேன். தொட்டி தாங்குமா என்று கேட்டேன். "தாங்கும்க்கா. தாங்காம எங்க போகப்போகுது" என்றான். குரல் சரியில்லை.

பிப்ரவரி 16

இன்றே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் நினைத்தபடி மாற்றிக்கொள்வேன்.

காலையில் புது நூலை வீசிப் பார்க்கலாம் என்று, கொக்கி இல்லாமல், பாலத்து மடுவுக்குப் போனேன். தோட்டத்துக் கதவைத் திறக்கும்போதே நாற்றம். தண்ணீர் வழக்கமான தேநீர் நிறத்தில் இல்லை, சேற்று நிறத்திலும் இல்லை. பச்சையும் பழுப்புமாக, மேலே நுரை கட்டி. மடுவின் ஓரத்தில் ஒரு ட்ரவுட் மீன் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தது. நல்ல மீன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் பார்க்கும் இடமெல்லாம். விரல் நீளக் குஞ்சுகள் கரையில் வந்து வாயைப் பிளந்துகொண்டு — தண்ணீரை விட்டு வெளியே வரப் பார்த்திருக்கின்றன. மீன் தண்ணீரை விட்டு ஓடுமா? ஓடியிருக்கிறது.

செத்த மீன்களைத் தொடர்ந்து மேலே நடந்தேன். ஓடை வந்து சேரும் இடத்தில் நின்றேன். அதற்கு மேலே ஆறு தெளிவாக இருந்தது. கல் கல்லாகத் தெரிந்தது.

ஓடைப் பக்கம் திரும்ப மனசு வரவில்லை. ஆனாலும் அதன் கரையோடு பண்ணைக்கு ஏறினேன்.

இட்வால் இடுப்பளவு சாணிக் குழம்பில் நின்று மண்வெட்டியால் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். தொட்டிச் சுவரின் ஒரு மூலையே பெயர்ந்துபோயிருந்தது. அவன் போடுகிற மண் போட்ட வேகத்தில் கரைந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "அக்கா, இன்னொரு மம்பட்டி அங்க இருக்கு."

எடுத்தேன். இருவரும் போட்டோம். மண் மூட்டை வைத்தோம், பழைய கதவு ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். ஒரு தடவை நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு கதவோடு எல்லாமே போயிற்று.

"இது நம்மளால ஆகாதுடா. ஆத்தப் பாக்குற அரசாங்க ஆபீசுக்குச் சொல்லணும். பம்பு கொண்டுவருவாங்க."

"வேணாம்."

"இட்வால் —"

"மழை வருதுக்கா. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிரும். யாருக்கும் தெரியாது. சொன்னா மாடு வைக்க விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? வேற என்ன தெரியும் எனக்கு?"

"கீழ ஆட்டுப் பண்ணை இருக்கு. ஊரு இருக்கு. இன்னும் கொட்டிக்கிட்டே இருக்குடா, பாரு!"

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். அழுதான். அப்பா செத்தபோது அழாதவன். அழுதுகொண்டேதான் சொன்னான்: "நீ கூப்பிட்டேன்னா, எனக்கு அக்கான்னு யாரும் கிடையாது."

அவன் கண் முன்னாலேயே கூப்பிட்டேன். ஒளிந்து போய்ப் பேசத் தோன்றவில்லை. எதிர்முனையில் ஒரு பெண் பண்ணையின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். உரிமையாளர் பெயர் கேட்டாள். அதையும் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 17

பம்பு, லாரி, மஞ்சள் சட்டைக்காரர்கள். சாயங்காலத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். கீழே ஆட்டுப் பண்ணைக்குப் போவதற்கு முன்னே நிறைய தடுத்தாகிவிட்டதாம். ஓடை வாயிலிருந்து கீழே இருக்கும் அணை வரை ஆற்றில் உயிர் இல்லை.

எம்லினும் நானும் செத்த மீன்களைக் கூடையில் எடுத்தோம். எண்ணச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எம்லின் எண்ணுவதை விட்டுவிட்டார். மீதியை நான் எண்ணினேன்.

பிப்ரவரி 18

இட்வாலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 20

கடையில் நெஸ்டா. பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டிருந்தாள். பால்! வீட்டில் மாடு வைத்துக்கொண்டு கடையில் பால் வாங்கினாள். தொட்டி உடைந்ததிலிருந்து அவர்கள் பாலைப் பால் வண்டி வந்து எடுப்பதில்லை, அவளால் வீட்டுப் பாலைப் பார்க்கவே முடியவில்லையாம், கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"சாப்பிடுறானா?" என்று கேட்டேன்.

"உங்க மீனெல்லாம் சாப்பிடுதா அண்ணி?"

கடையில் எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள்.

"மீனுக்காக இல்ல நெஸ்டா —"

"அப்படியா? அப்ப எதுக்காக? எனக்குச் சொல்லுங்க. நான் போய் அவர்கிட்ட சொல்றேன். சுவத்தப் பாத்து உக்காந்திருக்காரு, கேக்கட்டும்."

பதில் என்னிடம் இருந்தது. அது சரியான பதில்தான். சரியாக இருந்து என்ன?

பிப்ரவரி 22

சங்கக் கூட்டம். மேல் ஆற்றை மூடுகிறார்கள். எத்தனை வருஷமோ தெரியாது. பருவம் திறக்கும் நாளில் அணைக்குக் கீழே மட்டும் தூண்டில் போடலாம்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து என் துணிச்சலைப் பாராட்ட வேண்டும் என்றார். கை தட்டினார்கள். அதே மனிதர் அடுத்த மூச்சில், "அந்த ஆளக் கோர்ட்டுல ஏத்தி ஒழிச்சுக் கட்டணும்" என்றார். போன வருஷம் அவருடைய கார் பனியில் சிக்கியபோது டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டது அந்த ஆள்தான்.

மேலங்கியைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். எம்லின் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். தோளில் போட்டுவிட்டு, "கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். மன்னிச்சிரும்மா" என்றார்.

பிப்ரவரி 26

மாடுகள் போய்விட்டன.

தொட்டி இல்லாமல் கொட்டிலில் மாடு வைக்கக் கூடாது என்று உத்தரவு. புதுத் தொட்டி கட்ட அவனால் முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்டான். லாரிகள் என் ஜன்னலை ஒட்டித்தான் போக வேண்டும், வேறு சாலை கிடையாது. இடுக்கு வழியாக மூக்குகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். எனக்கே பாதிப் பெயர் தெரியும். குட்டைக் கொம்புக்காரிக்கு என் பெயரைத்தான் வைத்தான் — "முரண்டு பிடிக்குதுக்கா, அதான்."

திரையை மூடினேன். மூடினால் சத்தம் கேட்காதா?

பிப்ரவரி 27

சாப்பிடவில்லை. பள்ளிச் சமையலறை வேலைக்குப் போனேன்.

மார்ச் 1

புனித டேவிட் நாள், எங்கள் நாட்டுத் திருநாள். பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள் டாஃபடில் பூ. சின்னப் பெண்கள் உயரக் கறுப்புத் தொப்பியில் இடித்துக்கொண்டு ஓடினார்கள். சமையலறையில் காலையிலிருந்து கவ்ல் சூப்பு கொதித்தது: ஆட்டிறைச்சி, வெங்காயத்தாள் போன்ற லீக், உருளைக்கிழங்கு. நான்தான் கரண்டி பிடித்தேன்.

வரிசையில் மாலி வந்தாள். இட்வாலின் மகள். தொப்பி நாடா தாடையில் அழுந்தி, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. முன்னால் இருந்த பிள்ளை நகர்ந்த பிறகும் அவள் நகரவில்லை. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்:

"அத்தை, உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. சூப்பு மட்டும் வாங்கிக்கலாமா?"

வாங்கிக்கலாம் கண்ணு, என்றேன். இறைச்சித் துண்டாகப் பார்த்து ஊற்றினேன். நன்றி சொல்ல வாயெடுத்தவள், நினைவு வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

மீதி வரிசைக்கு யார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 2

நாளைக்கு அணைக்குக் கீழே வா என்று எம்லின் வந்து கேட்டார். வரவில்லை என்றேன். ஒரு பெட்டி நிறைய பூச்சி கட்டி வைத்திருக்கிறேனே, யாருக்கு?

மார்ச் 3

வீட்டில் இருக்க முடியவில்லை. தூண்டில் கோல் எடுக்காமல் நடந்தேன்.

காற்று இல்லை, மிதமான வெயில். கேட்டு வாங்கினாற்போல ஒரு நாள். நடுப்பகலில் பாலத்து மடுவில் நிஜப் பூச்சிகள் வர ஆரம்பித்தன. ஓடைக்கு மேலே, செத்துப் போகாத தண்ணீரில் பொரிந்தவை. சாம்பல் சிறகைத் தூக்கிக்கொண்டு, சின்னப் படகுகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. இதற்காகத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருப்போம். இந்நேரம் மீன்கள் எழும்பி மடு கொதிக்க வேண்டும். அவை பாட்டுக்கு மிதந்து போயின. சுழலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி மிதந்து, வளைவில் மறைந்து. தொட ஆள் இல்லை.

எப்போது வந்தானோ, இட்வால் பாலத்தின் மேல் நின்றிருந்தான். சவரம் செய்யவில்லை. சட்டை தோளில் தொங்கியது. தண்ணீரைத்தான் பார்த்தான்.

"ஒண்ணுகூட எழும்பலையா?" என்றான்.

"இல்ல."

அவன் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினான்.

"நெஸ்டாவோட அண்ணன் ஆங்கில்சித் தீவுல லாரி வச்சிருக்கான். ஓட்ட ஆள் வேணுமாம். வியாழக்கிழமை போறோம்."

"மாலி?"

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு." கைப்பிடிச் சுவரில் பாசியை நகத்தால் கீறினான். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ராத்திரி பூரா யோசிக்கிறேன், தப்புன்னு சொல்ல முடியல. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா, அந்தப் பொம்பளகிட்ட நீ என் பேரச் சொன்னியே, அதுதான் கேக்குது."

நான் படியேறி அவன் பக்கம் போகப் பார்த்தேன். கையை இலேசாகத் தூக்கினான், வேண்டாம் என்று. கோபமாக இல்லை. மாட்டை நிறுத்துகிற மாதிரி, சாந்தமாக.

போய்விட்டான்.

மார்ச் 7

நெஸ்டாவின் அண்ணன் வண்டியில் போனார்கள். மாலி பின் கண்ணாடியில் கையை ஒட்டிவைத்திருந்தாள். ஆட்டவில்லை. ஒட்டி மட்டும் வைத்திருந்தாள்.

மார்ச் 16

எம்லின் விடவில்லை. அணைக்குக் கீழே இழுத்துப் போனார். தண்ணீர் சில்லென்று முட்டி வரை ஏறியது. மூன்றாவது வீச்சிலோ நாலாவதிலோ, நூல் நின்றது. நல்ல மீன். கோல் வளைந்த வளைவில் எல்லாமே மறந்துபோயிற்று. ஒரு நிமிஷம், சத்தியமாக, எல்லாமே. வலையில் தூக்கினேன். மஞ்சள் வயிறு, சிவப்புப் புள்ளிகள், உயிரோடு துள்ளியது. ஆற்றின் மேல் பக்கமாகத் திரும்பி, வாய் நிறையக் கத்தினேன்:

"இட்வால்! டேய், இங்க பாருடா!"

அங்கே எம்லின்தான் நின்றிருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அக்கரை மரங்களைப் பார்க்கத் தொடங்கினார். நான் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மூச்சு வாங்கித் தானாக நழுவிப் போன பிறகும் கையை எடுக்கவில்லை.