பெண் கூலியாள், பெயரில்லை

கரையான்சாவடி,
12 நவம்பர் 2025.

மங்களத்துக்கு,

இன்று எனக்கு எழுபத்தாறு வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக நீ என்னோடு பேசுவதில்லை. இந்தக் கோபத்தைத் தொடர உனக்கு அவகாசம் இருக்கிறது, எனக்கு இல்லை.

என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய். மின்னஞ்சல் அனுப்பினால், படிப்பதற்காக மடிக்கணினியைத் திறந்தாலும் திறப்பாய். திறக்காதே என்று சொல்லத்தான் இக்கடிதம். ஆட்டோ ஜெகனிடம் கொடுத்தனுப்புகிறேன். "இன்னா டீச்சர், ஆவடி இன்னா அமெரிக்காவா? ஒரு போன் அடிச்சா முடிஞ்சுது" என்றான். அமெரிக்காவாக இருந்திருந்தால் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம் என்றேன்.

நம் நூலுக்கான ஆதாரங்களை இருவருக்கும் பொதுவாக அந்த மேற்கோள் மென்பொருளில் சேர்த்துவைத்தோம் அல்லவா? கட்டுரைகளோடு, செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலி வேலை செய்த பெண்களின் ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று அது சில வாரங்களாகச் சிவப்பு எழுத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. என் கணினியில்தான் இடமில்லை போலும் என்று, அளவில் பெரியவையான ஒலிக்கோப்புகளை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். இணையத்தில் பிரதி இருக்கும், வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்பது என் அனுமானம். முனைவர் பட்டம் பெற்றவளின் அனுமானம். பொதுச் சேமிப்பில் ஒருவர் நீக்கினால் எல்லோரிடத்திலும் நீங்கிவிடுமாம். ஒத்திசைவு வெற்றிகரமாக முடிந்தது என்று அது என்னைப் பாராட்டிய பிறகே இது எனக்குத் தெரிந்தது.

இப்போது தலைப்பு, தேதி, ஊர், ஒவ்வொரு பதிவின் நீளம் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. சொடுக்கினால், கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. பதிவுக் கருவி 2015 வெள்ளத்தில் போனது உனக்குத் தெரியும்.

எஞ்சியிருப்பது உன் மடிக்கணினி ஒன்றே. சண்டைக்குப் பின் நீ அதைத் தொடவில்லை என்றும், வெள்ளிக்கிழமை திறந்து உன் அத்தியாயத்தை முடிக்கப்போகிறாய் என்றும் பதிப்பாளர் சொன்னார். இணையம் இருந்தால், திறந்த மாத்திரத்தில் என் நீக்கம் உன்னிடமும் வந்து சேரும். ஆகவே முதலில் வைஃபை பெட்டியை அணை. பிறகு கணினியைத் திற. மென்பொருளைத் தொடாமல், அதன் சேமிப்புக் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் படியெடு.

குறிப்பாக ஒன்று வேண்டும்: 'பெண் கூலியாள், பெயரில்லை.' ஆம், நாம் சண்டையிட்டது அதற்காகத்தான்.

கெஞ்சுகிறேன். இந்தச் சொல்லை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

சாமுண்டீஸ்வரி


ஆவடி,
13 நவம்பர்.

அன்புள்ள சாமுண்டி அக்காவுக்கு,

'நலமா' என்ற ஒரு சொல் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தை இருமுறை தேடினேன். இல்லை. நான் நலம். நீங்களும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன்.

சொன்னபடியே செய்தேன். வைஃபையைப் பிடுங்கியதும், மருமகள் நிவேதிதா உள்ளிருந்து "அத்தை! மீட்டிங்ல இருக்கேன், என்ன பண்றீங்க!" என்று அலறினாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "யாரு இவங்க, இவ்ளோ திமிரா கெஞ்சுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அருகில் அமர்ந்து படியெடுத்துத் தந்தாள். பதிவுகளில் ஒன்றை, துலுக்கானத்தம்மாளின் குரலை, போட்டுப் பார்த்தோம். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டே மேஸ்திரியைத் திட்டிய கதையை அப்படியே சொல்கிறாள். நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் அக்கா, நீங்கள் கேட்டது மட்டும் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த, திறக்கும்போது மட்டும் கோப்பை இறக்கும்படி என் கணினியை நீங்கள்தான் அமைத்துக் கொடுத்தீர்கள். நான் திறந்து கேட்டவை மட்டுமே அதில் தங்கியிருக்கின்றன என்கிறாள் நிவேதிதா. பெயரும் ஒப்புதலும் இல்லாத சாட்சியை நூலில் சேர்க்கக் கூடாது, அதைக் கேட்கவும் மாட்டேன் என்று அன்று சொன்னேன். எனக்கு ஆராய்ச்சியே தெரியாது என்றீர்கள். அந்தச் சொல் இன்னும் தைக்கிறது, போகட்டும்.

மற்றவை பத்திரம். ஒன்று குறைந்தால் நூல் நின்றுவிடாதே?

உங்கள்,
மங்களம்


கரையான்சாவடி,
13 நவம்பர், மாலை.

மங்களம்,

நூல் எக்கேடோ கெடட்டும்.

மறுபடியும் தேடு. பதிவிறக்கங்களில், குப்பைத்தொட்டியில், உன் பழைய கைபேசியில். நிவேதிதாவிடம் என் மன்னிப்பைச் சொல்லி, அவளையும் தேடச் சொல். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். நீக்கியதை மீட்க வழியில்லை என்று வெகு மரியாதையாகப் பதில் வந்திருக்கிறது.

நீ அதைக் கேட்டதில்லை என்கிறாய். ஒரு நாளாவது, அப்படி என்னதான் இருக்கிறது என்ற எரிச்சலிலாவது, சொடுக்கியிருக்க மாட்டாயா? கேட்டுவிட்டு, வீம்புக்காகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க மாட்டாயா? முப்பது ஆண்டுகளாக உன் நேர்மையைக் கண்டு சலித்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜெகன் உன் வாசலிலேயே காத்திருப்பான். பதிலில்லாமல் அவனைத் திருப்பி அனுப்பாதே.

சா.


ஆவடி,
13 நவம்பர், இரவு.

அன்புள்ள அக்கா,

எல்லா இடத்திலும் தேடினோம். நான் பொய் சொல்லவில்லை. ஒரு முறையாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது என்னையே நொந்துகொள்கிறேன்.

ஒன்று செய்வோம். அந்த அம்மாள் யார், எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். இருவருமாகப் போய் மறுபடி பதிவுசெய்வோம். "எங்க வேணாலும் இட்டுக்கினு போறேம்மா, டீச்சர் மூஞ்சியப் பாக்க முடியல, ரெண்டு பேரும் மொதல்ல பேசிக்கங்க" என்கிறான் ஜெகன். இம்முறை நான் ஒப்புதலெல்லாம் கேட்க மாட்டேன். உங்கள் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மங்களம்


கரையான்சாவடி,
14 நவம்பர்.

அன்புள்ள மங்களம்,

என் எண்ணுக்கான தடையை எடுத்துவிட்டதற்கு நன்றி. இருந்தும் எழுதுகிறேன். பேசினால் முடிக்க மாட்டேன்.

அவளிடம் போக முடியாது. பதிவுசெய்த மறு ஆண்டே இறந்துவிட்டாள். உலகத்தில் அவள் குரல் வேறெங்கும் இல்லை. புகைப்படம் எடுக்கவும் ஒப்பியதில்லை. ஒரு முறை கேட்டிருந்தால் என்று உன்னை நொந்துகொள்ளாதே. நீக்கியது என் விரல்.

ஒப்புதல் இல்லை என்றாயே, இருந்தது. பதிவின் கடைசியில், கருவியை அணைக்கப் போகும்போது அவள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "எம்பேரு மட்டும் போடாத. காலேஜ்ல ஒனக்கு ஒரு மருவாத கீது. நாத்து நட்டவ பேர அதுல எழுதிக்கினு கெடுத்துக்காத." போடவில்லை. என் பெற்றோர் பள்ளி ஆசிரியர்கள் என்று கல்லூரியில் நீங்கள் எல்லோருமாக முடிவுசெய்துகொண்டீர்கள், நான் திருத்தவில்லை. திருத்தும் வேலையைப் பிறர் கட்டுரைகளோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி அந்தப் பதிவில் எஞ்சியிருப்பது விவரங்கள் மட்டும்தான். அவையாவது சரியாக இருக்கட்டும். எனக்குக் கை ஓடவில்லை, நீ செய். தலைப்பில் 'பெயரில்லை' என்பதை நீக்கு. பெயர்க் கட்டத்தில் பொன்னியம்மா என்று உள்ளிடு. பிறகு வைஃபையைப் போட்டு ஒத்திசை. இனி அஞ்ச ஏதுமில்லை.

உறவைக் குறிக்க அந்த மென்பொருளில் கட்டம் கிடையாது. ஆகவே உனக்கு மட்டும் எழுதுகிறேன்: அவள் என் அம்மா.

சாமுண்டீஸ்வரி