பிரெஞ்சு துரை தந்த பிரம்புத் தொட்டில்

எனக்கும் நைனாவாக, தம்பிக்குக் கொஞ்சம் அதிகமாகவே நைனாவாக இருந்த உங்களுக்கு,

நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்பிவிட்டது. குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து ஓடி வந்தவர்களால் திருத்தணி நிறைந்து கிடக்கிறது. உங்கள் பிரம்புத் தொட்டில் நேற்று வரை தம்பி வீட்டில்தான் இருந்தது.

புதுச்சேரியில் நீங்கள் சமைத்துப் போட்ட பிரெஞ்சு துரை, கப்பலேறும்போது தந்த தொட்டில். தலைமாட்டில் குடைபோல் கவிந்த பின்னல். ரயிலடியிலிருந்து அதைத் தலையில் சுமந்து வந்தவன் நான். அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. எனக்குத்தான் என்று நினைத்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று என் மனைவி திருவாலங்காட்டுக்குப் போனாள். தம்பி கட்டியதோ அக்கா மகளை. அக்கா நம்மோடு இருந்ததால் அவளுக்குத் தாய்வீடும் நம் வீடே. ஐந்தாம் மாதம் என் மகளோடு நாங்கள் திரும்பியபோது தொட்டிலில் தம்பி மகன் படுத்திருந்தான்.

“பச்சக் கொழந்தய எறக்கச் சொல்றியா? உன் பொண்ணுக்குத் தூளி கட்டுடா” என்றீர்கள்.

கட்டினேன். கிருத்திகைக்கு வந்த உறவெல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்றது. மூலையில் தொங்கிய பழைய புடவைக்குள் எட்டிப் பார்த்தது யார், நைனா? அப்புறம் தம்பிக்கு அடுத்தடுத்து மகன்கள். தொட்டில் காலியாகவே இல்லை.

இப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நேற்று தம்பி வீட்டுக்குப் போனேன். தொட்டிலைக் கேட்கத்தான்.

“என்னா பெரிய மாமா, தொட்டிலயே பாத்துகினு நிக்கிறீங்க? மறுபடியும் தலையில தூக்கணுமா?” என்று தம்பி மனைவி சிரித்தாள்.

“ஆங், எடுத்துகினு போண்ணா. வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு” என்றான் அவன்.

நான் சுமந்து வந்தது எனக்கே இரவல்!

அவன் மூத்த மருமகளும் முழுகாமல் இருக்கிறாள். அவள் கே.ஜி.கண்டிகைப் பெண். அங்கே பெற்று, ஐந்தாம் மாதம் பிள்ளையோடு வருவாள். அன்று தொட்டிலில் என் பேரக்குழந்தை கிடக்கும். “தூளி கட்டுடா” என்று தம்பியிடம் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

சொல்ல மாட்டேன். என் பேரக்குழந்தையை என் கையாலேயே இறக்கிவிட்டு, அவன் பேரக்குழந்தையைக் கிடத்துவேன். இது சத்தியம். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குழந்தையை இறக்கி இன்னொன்றைக் கிடத்துவது எவ்வளவு சுலபம் என்று நீங்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

இப்படிக்கு,
தம்பிக்கு முன்னால் பிறந்த உங்கள் மகன்