ஏலம் கேட்க வேண்டிய நேரம் பற்றியும் குழந்தைவேலு வீட்டுக் கோழிகள் பற்றியும்

அனுப்புநர்
பெ. பழனியாண்டி,
முருகன் கோயில் அருகில்,
சௌல்தாரி, தெற்கு அந்தமான்.

பெறுநர்
மின் ஏல அலுவலர் அவர்கள்,
கழித்த பொருட்கள் பிரிவு,
போர்ட் பிளேயர்.

பொருள்: படகுத்துறை ஜெட்டிப் பலகை ஏலத்தை மூன்று தரம் சொல்லாமல் முடித்தது குறித்து முறையிடுதல், கோழிகள் மீது விழுந்த சாபம் ஒன்றைத் திரும்பப் பெற முத்திரை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். இதற்கு முன் அரசாங்கத்துக்கு நான் கொடுத்த மனுக்களை எல்லாம் வேறு யாராவது எழுதினார்கள். கீழே என் பெருவிரல் மட்டும் போனது. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் அலுவலகத்தில் திருமதி சௌமியா அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். அவர் தங்களுக்கு வாசித்துக் காட்டும்போது நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.

2. எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பெயர் குழந்தைவேலு. இருவரும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்தவர்கள். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, இப்போது சௌல்தாரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். கத்தரியும் பீர்க்கும் போட்டு, மற்ற தீவுகளுக்குப் போகும் படகில் ஏற்றிவிடுவது எங்கள் தொழில். படகு என்றைக்கும் சொன்ன நேரத்துக்கு வராது. ஆகவே ஜெட்டியில் ஒரு தாழ்ந்த சிமெண்டுச் சுவரில் உட்கார்ந்து காத்திருப்போம். எங்கள் தலைக்கு மேல் ஒரு இரும்புப் பலகை இருந்தது. ஆதியில் மூன்று மொழிக்கு மூன்று பலகைகள் இருந்தன. இந்தியையும் இங்கிலீஷையும் புயல் கொண்டுபோய்விட்டது. தமிழ் மட்டும் நின்றது.

3. போன மழைக்காலம் முழுவதும் சமுதாயக் கூடத்து மாலை வகுப்பில் படித்தேன். ஒரு நாள் ஜெட்டியில் குழந்தைவேலுவிடம் பேசிக்கொண்டே தற்செயலாக அண்ணாந்தேன். பலகை தானாகவே வாசிக்க வந்தது. யாரும் சொல்லித் தராமல் நான் வெளியுலகில் வாசித்த முதல் வாக்கியம் அதுதான். "இங்கே யாரும் உட்காரக் கூடாது" என்று எழுதியிருந்தது.

4. எனக்கு வந்த சிரிப்பை இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். குழந்தைவேலுவிடம் உண்மையைச் சொல்லவில்லை. காரணம், அவருக்கு முழங்கால் வலி. மேலும் அரசாங்க உத்தரவு என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். முகக்கவசம் போடச் சொன்ன காலத்தில், கத்தரித் தோட்டத்தில் தன்னந்தனியாக நின்றபோதும் போட்டிருந்தவர். பலகையில் இருப்பதைச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து நிற்பார். அப்புறம் ஆயுளுக்கும் உட்காரமாட்டார். ஆகவே தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையை அண்ணாந்து பார்த்து, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு மிகவும் பிரியமான பலகை ஆகிவிட்டது.

5. பிறகு ஜெட்டியைப் புதுப்பிக்கப் போவதாகவும், பழைய இரும்புகளைத் தங்கள் இணைய ஏலத் தளத்தில் விற்கப் போவதாகவும் செய்தி வந்தது. அந்தத் தளத்தில் தமிழுக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதை வைத்த புண்ணியவானுக்கு என் நன்றியைச் சொல்லவும். பலகை அதில் தனிப் பொருளாகவே, படத்தோடு இருந்தது. குழந்தைவேலுவின் மருமகள் அகிலா போர்ட் பிளேயர் லம்பா லைனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறாள். அவளிடம் போய் என் பெயரைப் பதிந்துகொண்டேன். மாமனாருக்குத் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவள் ஏனோ சிரித்தாள். எங்கள் வயதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

6. ஏலம் கேட்பது எனக்குப் புதிதல்ல. பங்குனி உத்திரத்தில் எங்கள் முருகன் கோயில் எலுமிச்சம்பழத்தைப் பல தடவை எடுத்திருக்கிறேன். அங்கே முதலில் வாய் திறப்பவருக்கே மரியாதை. ஒரு பெரியவர் கேட்டுவிட்டால் மற்றவர்கள் முகம் பார்த்து ஒதுங்குவார்கள். யாரும் எதிர்த்துக் கேட்காவிட்டால், சாமிப் பொருளைக் குறைந்த விலைக்குக் கொண்டுபோனார் என்ற பேச்சு வரக்கூடாது என்று, கேட்டவரே ஒரு படி ஏற்றிக் கேட்பார். ஏலம் போடுபவர் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்லுவார். மூன்றாம் தரத்துக்குள் யாருக்காவது ஆசை வந்தால் வாய் திறக்கலாம்.

7. அதே முறையில் இங்கும் நடந்துகொண்டேன். தளம் திறந்தவுடன் முதல் ஆளாகக் கேட்டேன். தளம் எனக்கு "ஏலதாரர் ஒன்று" என்று பெயர் வைத்தது. வேறு யாரும் வரவில்லை. அரசாங்கப் பொருளை அற்ப விலைக்கு எடுக்கக்கூடாது என்று மறுநாள் நானே ஏற்றினேன். அடுத்த நாளும் ஏற்றினேன். என் மனைவி சொர்ணம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏங்க, ஒங்களுக்கு எதிரா நீங்களேவா கேக்குறீங்க? அப்ப யாரு செயிக்கிறது, யாரு தோக்கிறது?" என்றாள். ஏலத்தின் கௌரவம் பெண்களுக்குப் புரியாது என்று சொன்னேன். இப்போது அந்த வார்த்தையை இங்கே திரும்பப் பெறுகிறேன். அவள் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

8. கடைசி நாள் சாயங்காலம் ஜெட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் நெட் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். பக்கத்தில் வழக்கம்போலக் குழந்தைவேலு. தலைக்கு மேல் பலகை. போனைத் துண்டுக்குள் மறைத்துப் பிடித்திருந்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கப்பல் நேரம் என்றேன். அப்போது அவர் போன் அடித்தது. எடுத்து, "ஆமா ஆமா, இப்ப போடு. ஜல்தி போடு" என்று சொல்லிவிட்டு வைத்தார். யார் என்று கேட்டேன். மருமகள், குழம்புக்கு உப்புப் போடலாமா என்று கேட்கிறாள் என்றார். நான் என் போனைப் பார்த்தேன். "ஏலதாரர் இரண்டு" என்று ஒருவர் முளைத்திருந்தார். என் தொகைக்கு மேல் ஒரு படி. சிவப்பு எழுத்து.

9. உடனே பதிலுக்குக் கேட்க நினைத்தேன். ஆனால் ஐயா, எனக்கு ஒவ்வொரு எண்ணையும் தேடிப் பார்த்து, சரிதானா என்று யோசித்துத்தான் அழுத்த வரும். நான் பாதி எழுதுவதற்குள் "ஏலம் முடிந்தது" என்று வந்துவிட்டது. ஒரு தரம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு தரம் என்றும் சொல்லவில்லை. வாய் திறந்த மனிதன் வார்த்தையை முடிப்பதற்குள் கதவைச் சாத்துவது எங்கள் கோயிலில் நடக்காது.

10. வருத்தம் தாங்காமல் எல்லாவற்றையும் குழந்தைவேலுவிடம் கொட்டினேன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கடைசி நிமிஷத்தில் பதுங்கி வந்த அந்த ஏலதாரர் இரண்டின் வீட்டில் கோழி கூட முட்டையிடாமல் போகட்டும் என்று சபித்தேன். குழந்தைவேலு தன் போனை மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "ஆமாண்ணே, மோசமான ஆளு" என்று மெதுவாகச் சொன்னார். எழுந்து, முழங்கால் வலியையும் மறந்து வேகமாக வீட்டுக்குப் போனார். என் துக்கத்தில் பங்கெடுக்கிறார் என்று நெகிழ்ந்தேன்.

11. அடுத்த வாரம் அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் பலகை ஏறியிருந்தது.

12. விசாரித்ததில் வெளிவந்தது இதுதான். நான் அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தவர், அதில் செம்போ பித்தளையோ கலந்திருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார். மீன் கடையில் எப்போதும் கடை கட்டும் நேரத்துக்குப் போய், மிஞ்சியதை மலிவாக வாங்கிப் பழகியவர் அவர். ஏலமும் அப்படித்தான், கடைசியில் விலை இறங்கிவிடும் என்று நம்பி, முடியப் போகும் நேரத்தில் கூப்பிட்டுச் சொல்லும்படி மருமகளிடம் ஏற்பாடு செய்திருக்கிறார். விலை இறங்கவில்லை. நானே ஏற்றி வைத்திருந்தேன். ஆனாலும் பலகை அவருக்குப் போனது. உரசிப் பார்த்து வெறும் இரும்பு என்று தெரிந்ததும் கோழிக்கூண்டின் மேல் மாட்டிவிட்டார். அகிலாவைக் கேட்டபோது, "அரே, ரெண்டு பேருமே யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனீங்க. நான் என்னா செய்ய, பெரியப்பா?" என்றாள். அவள் மீது குற்றம் சொல்ல எனக்கு வழி இல்லை.

13. இதிலிருந்து தங்கள் ஏலத்தில் எப்போது கேட்பது நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் கேட்பதுதான். சரியாகத் தெரிந்து முதலில் கேட்டவன் தோற்றான். தவறாகத் தெரிந்து கடைசியில் கேட்டவர் ஜெயித்தார். இது நியாயமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முடிக்காமல், ஆசை அடங்கிய பிறகு முடிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கடைசி நேரத்தில் ஒருவர் புதிதாகக் கேட்டால், மற்றவர் பதில் எழுதி முடிக்கும்வரை ஏலம் காத்திருக்கட்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், என் வகுப்பில் என்னோடு படிக்கும் பேச்சியம்மாவைத் தொகை எழுதச் சொல்லி, அதற்கு ஆகும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். அவள் என்னை விட மெதுவாக எழுதுவாள். மூன்று தரத்தையும் ஒரு மனிதக் குரலில் பதிவு செய்து போட்டால் இன்னும் நல்லது. என் குரல் தேவைப்பட்டால் வருகிறேன்.

14. ஐயா, பலகையைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவருக்குப் போனது போனதுதான். என் துன்பம் வேறு. அந்தப் பலகையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.

15. குழந்தைவேலுவுக்கு எழுத்தே தெரியாது. அகிலா இந்தி வழியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். அந்த வீட்டில் யாருக்கும் அது தலைகீழ் என்று தெரியவில்லை. நான் தினமும் காலையில் என் வாசலில் பல் துலக்கும்போது கண்ணெதிரே அது தெரிகிறது. வாசிக்கத் தெரிந்த பிறகு வாசிக்காமல் இருக்க முடியவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. சொர்ணம்மா தைலம் தேய்க்கிறாள். தேய்க்கும்போதெல்லாம் ஏழாம் பத்தியில் உள்ளதைக் கேட்கிறாள்.

16. பலகையை நேராக மாட்டும்படி குழந்தைவேலுவிடம் கேட்டேன். மாட்டுகிறேன், ஆனால் முதலில் சாபத்தைத் திரும்ப எடுங்கள் என்றார். பலகை ஏறிய நாள் முதல் அவர் வீட்டுக் கோழிகள் முட்டையிடவில்லை. அடையிலும் உட்காரவில்லை. என் சாபம் பலித்துவிட்டது என்கிறார். எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. "இங்கே யாரும் உட்காரக் கூடாது" என்ற அரசாங்கப் பலகை தலைக்கு மேல் இருந்தால் கோழி என்ன செய்யும்? அவை எந்த மொழியில் படித்தவை என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதை நான் அவரிடம் சொல்ல முடியாது. ஏனென்றால், ஜெட்டியில் சுவரை இடித்துவிட்ட பிறகு நாங்கள் இருவரும் சாயங்காலம் உட்காருவது அந்தக் கூண்டை ஒட்டிய பெஞ்சில்தான். அதே பலகையின் கீழ்.

17. வாய்வார்த்தையாகச் சாபத்தை எடுத்தேன். அவர் ஒப்பவில்லை. எழுத்தில் எடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை எங்கண்ணே?" என்று கேட்டார். அலுவலர் பெயர் மட்டும் இருக்கும் நீள முத்திரை அவருக்குப் போதாது. வட்டமாக இருக்க வேண்டுமாம்.

ஆகவே, தங்கள் முன்னிலையில் அடியிற் கண்டவாறு உறுதி கூறுகிறேன்: ஏலதாரர் இரண்டு என்று அறியப்பட்ட என் சிநேகிதர் குழந்தைவேலுவின் கோழிகள் மீது நான் இட்ட சாபத்தை முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முட்டை ஒன்று விடாமல் திரும்பப் பெறுகிறேன். இந்த வரிகளின் மேல் தங்கள் வட்ட முத்திரையை வைத்து ஒரு நகலை எனக்கு அனுப்பித் தந்தால், பலகை நேராகும், என் கழுத்தும் நேராகும். ஏலத்தில் மூன்று தரம் வருவது தாமதமானாலும் பரவாயில்லை. முத்திரையைச் சீக்கிரம் வைக்கவும்.

முத்திரை வாங்க அவரே நேரில் வரக்கூடும். அப்படி வந்தால் திருமதி சௌமியா அவர்கள் இந்த உறுதிமொழியை மட்டும் வாசித்துக் காட்டவும். மூன்றாம் பத்தியையும் பதினாறாம் பத்தியையும் தயவு செய்து வாசிக்க வேண்டாம். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்கவும். முழங்கால் வலி.

தங்கள் முத்திரைக்குக் காத்திருக்கும்,

பெ. பழனியாண்டி
(கையெழுத்து. கைநாட்டு அல்ல.)

இடம்: சௌல்தாரி
நாள்: 18.02.2025