அஞ்சலையின் கடைசி இலக்கம்

2007 ஒக்டோபர் 25, வியாழன்

காலையிலிருந்து மழை. பத்தாம் வகுப்புக் கணக்குக் கொப்பிகள் பாதி திருத்தியாயிற்று. மீதி மேசையில்.

இணையத்தளம் இல்லை. திறந்தால் வெள்ளைப் பக்கம். தளத்தை வைத்திருந்த அமெரிக்கக் கொம்பனிக்கு இரண்டு நாளில் மூன்று ஈமெயில். இன்று பதில்: வட்டு பழுது, கோப்புகளை மீட்க முடியாது, பிரதி எடுத்து வைப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. முடிவில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

இரண்டு வருட வேலை. கப்பலேறி இந்தியா போனவர்களும் இங்கே மலையகத் தேயிலைத் தோட்டங்களிலேயே தங்கிவிட்டவர்களும் ஒருவரையொருவர் தேடிக் கொடுத்த அறிவித்தல்கள், இருநூறுக்கு மேல். அழவில்லை. தேநீர் ஊற்றினேன், சீனி போட மறந்துவிட்டேன்.

ஒக். 26, வெள்ளி. போயா

பௌர்ணமி விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை. கையில் இருப்பது:

– மார்ச்சில் எழுதி வைத்த சீடி. அதற்குப் பிறகு வந்தது எதுவும் அதில் இல்லை.
– தேடுபொறி சேமித்து வைத்திருந்த பக்கங்கள், ஓகஸ்ட் வரை. பழைய எழுத்துருவில் ஏற்றியவை, பார்த்தால் கிறுக்கல். எழுத்துருவைப் போட்டதும் தமிழாகின்றன.
– செப்டெம்பர், ஒக்டோபர்: சுவர்களில்.

தோட்டத்தில் யாரிடம் இன்டர்நெட் இருக்கிறது? அதனால் மாதாமாதம் புதிய அறிவித்தல்களை அச்செடுத்து ஆறு தோட்டங்களுக்கு அனுப்புவேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால் பெயரும் போன் நம்பரும் உள்ள வலது ஓரத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். ஒரு தரகன் சுவரைப் பார்த்து நம்பர்களை எழுதிக்கொண்டு போய், ஆளைக் கண்டுபிடித்துத் தருவதாக இந்தியாவில் இருந்தவர்களிடம் காசு பிடுங்கினான். அன்றிலிருந்து என் சட்டம்: நம்பர் வேண்டுமென்றால் பதுளைக்கு என்னிடம் நேரில் வர வேண்டும்.

நல்ல சட்டம் என்று ஒரு பெருமையும் இருந்தது.

ஒக். 28, ஞாயிறு

மழை விட்டு நமுனுகுல மலை முழுசாகத் தெரிந்தது. துணி காயப் போட்டேன்.

பத்து மணிக்கு வேலாயுதம் வந்தார். நமுனுகுலப் பக்கத் தோட்டத்தில் தேயிலை பெக்டரி வேலை. நாற்பத்தைந்து வயது சொச்சம். கையில் ஒரு பை போஞ்சிக்காய். அவருடைய அக்கா அஞ்சலை கோத்தகிரியிலிருந்து கொடுத்த அறிவித்தலை மடுவத்தில் யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

"தம்பி வேலு, அஞ்சலக்கா சொல்றேன், தீவாளி அன்னிக்கு காலையில பத்து மணிக்கு டெலிபோன் கடையில உக்காந்திருப்பேன். நீ இருந்தா கூப்பிடு."

பிறகு, "நம்பரக் குடுங்க டீச்சர்."

"நம்பர் கொம்பியூட்டர்ல இருந்துச்சுங்க. அந்தக் கொம்பியூட்டர் அமெரிக்காவுல பழுதாப் போச்சு."

"அமெரிக்காவுலயா? எங்கக்கா நம்பரு அங்க எதுக்குப் போச்சு?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"சுவத்துலயே ஒட்டியிருந்தா நான் அன்னிக்கே மனப்பாடம் பண்ணியிருப்பேனே. எங்ககிட்டயே எதுக்கு டீச்சர் ஒளிச்சீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. போஞ்சிப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

துணி திரும்ப நனைந்துவிட்டது.

ஒக். 29, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு பசாரில் நிஸாம் நானாவின் இன்டர்நெட், டெலிபோன் கடைக்கு. ஒக்டோபர் பக்கத்தை ஏற்றியதும் அச்செடுத்ததும் அங்கேதான். எங்காவது ஒரு பிரதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு.

"வைரஸ் டீச்சர். போன கிழமைதான் எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசாப் போட்டேன்."

நல்ல கிழமை பார்த்திருக்கிறார்.

அஞ்சலை மறுபடி எழுதுவாரா? எழுதத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல யாரோ தளத்திலேயே தட்டி அனுப்பியது. ஈமெயில் முகவரியும் இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள்.

நவ. 3, சனி

ஹல்துமுல்லை, கொஸ்லந்த தோட்டங்கள். மூன்று பஸ், ஒரே தலைவலி. மடுவத்துச் சுவர்களில் இருந்ததையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டேன். செப்டெம்பர் தாள் பாதி நனைந்து கிழிந்திருக்கிறது, ஒக்டோபர் முழுசு. தெரிந்த ஆளைப் பற்றிய அறிவித்தல் என்றால் பக்கத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் பொட்டு வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. ஒரு தாளில் ஏழு பொட்டு. அந்த ஏழு பேரும் என்னைத் தேடி வந்ததில்லை. பதுளைக்கு வர ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும், அந்த நாள் பேர் விழாது, சம்பளமும் இல்லை. இதையும் நான் யோசித்ததில்லை.

பின்னால் இரண்டு பெண்கள்.

"யாரு இது, கவர்மெண்டா?"

"இல்லடி, இதுதான் தாளு டீச்சர்."

தளத்தில் முக்கால்வாசி திரும்பிவிடும். சுவரிலிருந்து எடுத்தவை மட்டும் நம்பர் இல்லாமல்.

நவ. 5, திங்கள்

ஓய்வறையில் ரஞ்சினி டீச்சர் தீபாவளி முறுக்கு பங்கு வைத்தாள். வேலாயுதத்தின் கதையைச் சொன்னேன். வெட்டின ஓரத்தையெல்லாம் என்ன செய்வீங்க என்று கேட்டாள். குப்பையில் போடுவேன் என்றேன்.

"போன மாசம் போடலியே. வாணி விழாவுக்கு சீட்டுக் குலுக்கத் தாள் இல்லைன்னு சொன்னதும் நீங்கதானே தந்தீங்க?"

தந்திருக்கிறேன். சுத்தமாக மறந்துபோனேன். அலுமாரிக்கு மேலே பால்மா டின், அதற்குள் குலுக்கி மிஞ்சின சீட்டுகள். தரையில் கொட்டி இரண்டு பேரும் ஒவ்வொன்றாக விரித்தோம். ஒன்றின் பின்பக்கம் அவள் கையெழுத்தில் பரிசின் பெயர், 'கொப்பி ஒன்று'. முன்பக்கம்: அஞ்சலை, கோத்தகிரி. கீழே நம்பர்.

கடைசி இலக்கம் மட்டும் இல்லை. ஓரம் கோணலாக இருக்கிறதென்று ஆறு தோட்டத்துத் தாளின் துண்டையும் ஒன்றாக அடுக்கி நறுக்கினாளாம். அவளுக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். மிச்சச் சீட்டுகளைப் பார்த்தோம், எல்லாம் அப்படித்தான்.

ரஞ்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கணக்கு டீச்சர். சைபர்ல இருந்து ஒன்பது வரைக்கும் பத்து இலக்கம்தானே, எல்லாத்தையும் அடிச்சுப் பார்க்கலாம் என்றேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது.

தீபாவளி காலையில் நிஸாம் நானாவின் கடைக்கு வரச் சொல்லி வே.க்கு பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்.

நவ. 8, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். இட்லி இறுகிவிட்டது.

நிஸாம் நானா எங்களுக்காகக் கடை திறந்தார். வே. புதுச் சட்டையில், ஒன்பது மணிக்கே வாசலில். என்னென்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாராம். எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டினார்: அம்மா செத்தது, தனக்கு மூன்று பிள்ளைகள், பழைய லயத்து வீடு இடிந்தது.

பத்து மணிக்குத் தொடங்கினேன்.

0 – மணி அடித்தது, எடுக்கவில்லை.
1 – ஒரு ஆண், தூக்கக் கலக்கம், திட்டு.
2 – அப்படி நம்பரே இல்லை.
3 – சின்னப் பெண். ராங் நம்பர் என்றாள், தீபாவளி வாழ்த்தும் சொன்னாள்.
4 – லைன் பிஸி. மறுபடியும் பிஸி.
5 – யாரோ பாட்டி. காது கேட்கவில்லை.
6 – இல்லை.

மணி பத்து இருபது. வே. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

7 – "டெலிபோன் கடைங்க. சிலோனா? ஒரு அம்மா காலையில இருந்து உக்காந்திருக்காங்க, இருங்க."

ரிசீவரை நீட்டினேன். வே. வாங்கவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வேலு?"

"இல்லைங்கம்மா, நான் டீச்சர். அவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. பேச்சு வரல."

"அவன் சின்னதுலயே அப்படித்தாங்க. போனை அவன் காதுல வச்சிட்டு நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க."

வைத்தேன். தள்ளிப் போனேன்.