மல்லிகாவின் அம்மா சேலை

ஞாயிறு இரவு. மழை.

இன்று நான் மூப்பராக இருக்கும் சபையின் வாலிபர் கூட்டத்தில் சிரிப்பு மூட்டுவதற்காக ஒரு தாயை மகளின் முன்னாலேயே கேலி செய்தார்கள். வாலிபர் தலைவன் ஜெபராஜ் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைப் பிடித்து, சாமி வந்தவளைப் போல ஆடினான். எல்லோரும் சிரித்தார்கள். நெல்லிவாசல் மலைக் கிராமத்திலிருந்து சபைக்குப் புதிதாக வரும் மல்லிகாவும் சிரித்தாள். அவள் அம்மாவுக்கு ஆடி மாதம் சாமி வரும். அந்தச் சேலையே அம்மாவுடையது. நாடகத்துக்கு வேண்டும் என்று அவன் கேட்க, எதற்கென்று தெரியாமல், வீட்டில் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறாள்.

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

"சும்மா காமெடிங்க ஐயா. சிரிக்க வெச்சாதான் பசங்க வர்றாங்க. அவங்க அம்மா சேலைன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றான் ஜெபராஜ்.

"வேற யாரு அம்மான்னா பரவால்லையா?" என்றேன்.

"வுடுங்க மூப்பரே, வயசுப் பசங்க" என்றார் போதகர்.

மல்லிகா சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் உதட்டுச்சாயக் கறை.

"அம்மா கேட்டா இன்னா சொல்லுவ?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் இனிமே வர்லைங்க ஐயா."

மழையால் இன்று போதகர் வீட்டில் தங்கியிருக்கிறாள். நாளை காலை கிளம்பும் முதல் ஜீப்பில் ஊர் திரும்புகிறாள். ஜெபராஜ் அதே ஜீப்பில் போய், சேலையைக் கேட்டு வாங்கியது தான்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். போதகரும் போக வேண்டும். வாசலில் நின்று அவள் வீட்டார் திட்டுவதை முழுதாகக் கேட்க வேண்டும். இவர்கள் வராவிட்டால் நான் போவேன். வீட்டார் மல்லிகா மேல் கை ஓங்குவதற்குள் யாராவது பேச வேண்டும்.