ஏற்றத்தின் மேல் தெலுங்கு

மாசி, வியாழக்கிழமை இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

நானும் ஏழுமலையும் ஒன்றாகத்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினோம். புத்தூர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்பது முடிவாகட்டும், பிறகு வேலை தேடலாம் என்றார் என் நைனா. நிலம் இருக்கிறது, காத்திருக்கிறேன். ஏழுமலைக்கு நிலமில்லை. எங்கள் ஏற்றத்தைக் கூலிக்கு மிதித்துக்கொண்டே, வாத்தியார் வேலைக்கு இரண்டு பக்கமும் மனு போட்டிருக்கிறான்.

ஏற்றம் இறைக்கும்போது எத்தனை சால் தண்ணீர் வந்தது என்று பாட்டாக எண்ணுவதுதான் வழக்கம். இன்று அவன் ஒரு சாலுக்கு ஒரு தெலுங்கு எழுத்தாகப் பாடினான். கீழே சால் பிடித்த நானும் கூடவே பாடினேன். எண்ணிக்கை போயே போய்விட்டது. கேழ்வரகுப் பாத்தி நிரம்பி வழிந்தது.

நைனா ஓடிவந்தார். "சால எண்ணாம இன்னாடா பாடிக்கினு கீறீங்க?"

"தெலுங்கு படிக்கிறேங்க," என்றான் ஏழுமலை மேலிருந்தே. "எல்லை எந்தப் பக்கம் போனாலும் ஒரு பள்ளிக்கூடம் என்னைக் கூப்புடுமில்ல?"

நைனா மடையை அடைத்தார். என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"அவன் எறங்கட்டும். நீ மேல ஏறி மொதல்லேருந்து சொல்லு."

ஏறினேன். 'க' வரிசை வருவதற்குள் கால் நடுங்கியது. கீழே சால் பிடித்த ஏழுமலை, "அடுத்தது, அடுத்தது!" என்று கூவினான். நைனாவே சிரித்துவிட்டார்.

கால் இன்னும் நடுங்குகிறது. நாளை நானும் இரண்டு பக்கமும் மனு எழுதும்போது கை நடுங்காமல் இருந்தால் போதும்.